1909-க்கு மெசேஜ் போட்டால் விளம்பர போன் நிற்குமா? ஒரு வருஷ அனுபவம்

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் நடத்தும் டிஎன்டி (டூ நாட் டிஸ்டர்ப், அதாவது தொந்தரவு செய்யாதே) சேவையைத்தான் சொல்கிறேன், 1909-க்கு ஒரு மெசேஜ் அனுப்பி எனக்கு விளம்பரம் எதுவும் வேண்டாம் என்று பதிவு செய்துகொள்கிறோமே, அது. ஒரு வருஷம் ஆகப் போகிறது. காசு ஒரு பைசா கிடையாது. அப்படியும் இரண்டு மார்க் ஏன் போயிற்று என்பதுதான் இந்த நீளமான புலம்பல்.

நான் சேலம் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இந்த விஷயத்தில் எல்லாரும் கொடுக்கிற முதல் யோசனை "தெரியாத நம்பரை எடுக்காதே" என்பது. போனிலேயே அதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது, காண்டாக்டில் இல்லாத நம்பர் வந்தால் மணியே அடிக்காது. மாதச் சம்பளக்காரருக்கு அது போதும். எனக்கு ஆர்டர் வருவதே தெரியாத நம்பரிலிருந்துதான். ஆக்ராவில் இருக்கிற ஒரு வியாபாரி செவ்வாய்ப்பேட்டையில் யாரிடமோ என் நம்பரை வாங்கி, ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டு, கல்யாண சீசனுக்கு இத்தனை ஜோடி வேண்டும், எப்போது ஆகும் என்று கேட்பார். எடுக்காவிட்டால் அந்த ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போய்விடும். அதனால் மணி அடித்தால் எடுத்தாக வேண்டும், பற்றவைத்துக்கொண்டு கையில் தீயோடு உட்கார்ந்திருந்தாலும் அதை அணைத்து வைத்துவிட்டு எடுத்தாக வேண்டும். எடுத்தால், "சார் வணக்கம், உங்களுக்கு ப்ரீ அப்ரூவ்டு பர்சனல் லோன்..."

பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது வரும். ஓமலூர் பக்கம் டிடிசிபி அப்ரூவல் மனை, ஏர்போர்ட் பக்கத்திலேயே. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவே காட்டேஜ், சார் நேரில் வந்து பாருங்கள், கார் நாங்களே அனுப்புகிறோம். இன்சூரன்ஸ். கிரெடிட் கார்டு. பையனுக்கு நீட் கோச்சிங் (பையன் ஏழாவது படிக்கிறான்).

இத்தனை பேருக்கு நம்பர் எப்படிப் போனது என்று உட்கார்ந்து யோசித்தால் பழி பெரும்பாலும் என் தலையில்தான் விழுகிறது. ஒரு தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன கடை வாசலில் ஒரு காரை ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பில்லுக்கு நான்கு கூப்பன் கொடுத்தார்கள். ஒரே பெயரில் நான்கையும் போட்டால் விழாது என்று நானே ஒரு கணக்குப் போட்டு, என் பெயர், வீட்டுக்காரம்மா பெயர், பையன் பெயர், அம்மாப்பேட்டையில் இருக்கிற மாமனார் பெயர் என்று நான்கையும் பொறுப்பாக நிரப்பினேன். கூப்பனில் என்னென்ன கேட்டிருந்தார்கள் தெரியுமா? பிறந்த தேதி, கல்யாண நாள், மாத வருமானம், சொந்த வீடா வாடகையா. ஒரு புடவைக் கடைக்கு நான் சொந்த வீட்டில் இருக்கிறேனா என்பது எதற்கு என்று அப்போது தோன்றவில்லை, கண் முழுக்க அந்தக் கார் மேல். கார் யாருக்கு விழுந்தது என்று இன்று வரை தெரியாது. அடுத்த கல்யாண நாளன்று நான் வாசப்படி மிதிக்காத மூன்று கடைகளிலிருந்து வாழ்த்து வந்தது.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு போனபோது, ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தியதும் டை கட்டிய இரண்டு பையன்கள் வந்து, மூன்று நாள் இலவசமாகத் தங்கலாம் அண்ணா, ஒரு பாரம் நிரப்பினால் போதும் என்றார்கள். நிரப்பினேன். நிரப்பிவிட்டு நேராகப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கினேன், அந்த பஜ்ஜி மடித்து வந்த காகிதம் யாரோ ஒருவருடைய கடன் விண்ணப்பத்தின் ஜெராக்ஸ். பெயர், அப்பா பெயர், போன் நம்பர், கதவு எண் எல்லாம் எண்ணெய்க்கு நடுவிலும் தெளிவாகப் படிக்க முடிந்தது. அந்த ஆள் ஏதோ ஊரில் நிம்மதியாக இருப்பார், அவருடைய முகவரி இங்கே மலை மேல் பஜ்ஜி சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழே இறங்குகிற இருபது கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு அதே யோசனைதான். கோரிமேடு வந்து சேர்வதற்குள் 1909-க்கு மெசேஜ் போட்டுவிட்டேன் (வண்டியை மச்சான் ஓட்டினான், கவலை வேண்டாம்).

பதிவு செய்வது ரொம்பச் சுலபம், இதில் குறையே சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று தட்டி, ஒரு இடம் விட்டு, பூஜ்ஜியம் போட்டு 1909-க்கு அனுப்ப வேண்டும். எந்த நம்பரைப் பதிவு செய்ய வேண்டுமோ அதிலிருந்தே அனுப்ப வேண்டும், வீட்டில் நான்கு சிம் இருந்தால் நான்கு தடவை. போன் போட்டும் சொல்லலாம். பூஜ்ஜியம் என்றால் எல்லா விளம்பரமும் வேண்டாம் என்று அர்த்தம். வங்கி, மனை, படிப்பு, மருத்துவம், சுற்றுலா என்று வகை வகையாகவும் பிரித்து வைத்திருக்கிறார்கள், சிலதை மட்டும் அனுமதிக்கலாம். அந்த எண்களை மனப்பாடம் செய்து மெசேஜில் அனுப்பிக் குழம்புவதைவிட டிஎன்டி ஆப்பில் டிக் அடிப்பது மேல்.

மாமனாருக்கு ஒரு பயம் இருந்தது, இதைச் செய்தால் ஓடிபி வராதே, பென்ஷன் மெசேஜ் வராதே என்று. வரும். பணப் பரிவர்த்தனை மெசேஜ், ஓடிபி எல்லாம் இந்தத் தடையில் சேராது. எனக்கு ஒன்றுகூடத் தவறவில்லை.

பலன்? ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. மெசேஜ் விளம்பரம் கிட்டத்தட்ட துடைத்துவிட்ட மாதிரி நின்றது. 140 என்று தொடங்கும் நம்பரிலிருந்து வரும் போன் சுத்தமாக நின்றது, அந்த வரிசையை விளம்பர அழைப்புக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். எட்டு ஒன்பது என்பது நான்காகக் குறைந்தது. நான்கு மிச்சம் இருக்கிறதே என்றால், அந்த நான்கில்தான் இந்தச் சேவையின் உண்மையான ஓட்டை இருக்கிறது.

விஷயம் இதுதான். டெலிமார்க்கெட்டர் என்று முறையாகப் பதிவு செய்துகொண்டு தொழில் செய்கிற கம்பெனி அனுப்பும் மெசேஜும் போனும் டிஎன்டி பட்டியலில் உரசிப் பார்த்த பிறகுதான் நம்மிடம் வர முடியும். 2018-இல் வந்த விதிமுறைக்குப் பிறகு இது பிளாக்செயின் (பதிந்ததைப் பின்னால் யாரும் சுலபத்தில் மாற்ற முடியாத கணினிப் பதிவேடு) அடிப்படையில் நடக்கிறது, கம்பெனி தன் பெயரை, அனுப்பும் வாசகத்தை எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சரி. ஆனால் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் நான்கு பையன்களை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு சாதாரண சிம் கொடுத்து, பத்து இலக்க நம்பரிலிருந்து மனை விற்கச் சொல்லும் புரோக்கர் எந்தப் பட்டியலைப் பார்க்கப் போகிறார்? அவர் கையில் இருக்கிற பட்டியல் நான் நிரப்பிய கூப்பன்தான். 0427 என்று நம்ம ஊர் கோடில் லேண்ட்லைனிலிருந்து வந்தால் இன்னும் மோசம், உள்ளூர் ஆள் என்று கட்டாயம் எடுத்துவிடுவேன்.

அவரைப் பிடிக்க ஒரே வழி புகார். இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள், பதிவு செய்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டு, அப்புறம் டிஎன்டி எல்லாம் சும்மா என்று திட்டுகிறார்கள். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன். 2025 பிப்ரவரியில் விதிகளை இறுக்கியிருக்கிறார்கள். முன்பு மூன்று நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், இப்போது ஏழு நாள் அவகாசம். சாதாரண சிம்மிலிருந்து தொல்லை செய்கிறவர் மேல் புகார் கொடுக்க நாம் டிஎன்டியில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. ஒரு நம்பர் மேல் பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தால் நடவடிக்கை, முன்பு ஏழு நாளில் பத்து புகார் வேண்டியிருந்தது. முதல் தடவை மாட்டினால் அவருடைய இணைப்புகளில் வெளியே போகும் அழைப்பு 15 நாளைக்கு முடக்கம். மறுபடியும் செய்தால் அவர் பெயரில் இருக்கிற எல்லா இணைப்பும் ஒரு வருஷத்துக்குத் துண்டிப்பு. பத்து நாளில் ஐந்து பேர், அவ்வளவுதான் தேவை. சேலத்தில் அந்த ஒரு நம்பர் ஒரே நாளில் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அதில் ஐந்து பேருக்கு இது தெரியவில்லை.

புகார் கொடுத்த அனுபவம் இரண்டுங்கெட்டான். என் முதல் புகாரை என் போன் கம்பெனி (பெயர் வேண்டாம்) "விவரம் போதவில்லை" என்று இரண்டே நாளில் மூடிவிட்டது. நான் எழுதியது "தொல்லை தாங்க முடியவில்லை" என்ற ஒரே வரி, அதுவும் ஒரு காரணம். அடுத்த தடவை கூப்பிட்ட நம்பர், தேதி, நேரம், எந்த மனைக்காக, என்ன விலை சொன்னார் என்று எழுதினேன். ஒரு வாரத்தில் எச்சரிக்கை அனுப்பியதாகப் பதில் வந்தது, அந்த நம்பரிலிருந்து போனும் நின்றது. பத்து நாள் கழித்து அதே குரல், அதே மனை, வேறு நம்பர். அதற்கும் புகார் போட்டேன். மூன்றாவது நம்பரில் வந்தபோது நானே சொன்னேன், தம்பி, நான் 1909-இல் புகார் கொடுத்துக்கொண்டே இருப்பேன், உனக்கும் சிம் செலவு எனக்கும் நேரச் செலவு, என் பெயரை அடித்துவிடு என்று. "சரிங்ணா" என்றான். அடித்துவிட்டான் போலிருக்கிறது, வரவில்லை. எந்த விதிமுறையையும்விட அது வேகமாக வேலை செய்தது.

டிஎன்டி ஆப் பற்றி ஒரு வார்த்தை. பதிவுக்கும் புகாருக்கும் வசதிதான், போன் பட்டியலிலிருந்தே நம்பரைத் தொட்டுப் புகார் கொடுக்கலாம். ஆனால் அதற்கு நம் கால் பட்டியலையும் மெசேஜையும் படிக்க அது அனுமதி கேட்கிறது. அந்தரங்கத்தைக் காப்பாற்றப் போன இடத்தில் முதல் வேலையாக அலமாரிச் சாவியைக் கேட்டால் எப்படி? ஆப்பிள் கம்பெனியும் இதையேதான் சொல்லி ரொம்ப நாள் இழுத்தது, 2018 கடைசியில்தான் ஐபோனில் அந்த ஆப் வந்தது. எனக்கு இது அரசாங்க ஆப் என்பதால் கொடுத்துவிட்டேன். மனம் ஒப்பாதவர்கள் 1909-க்கு மெசேஜிலேயே புகார் அனுப்பலாம்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும், கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டும் அந்த மாதிரி ஆப்களை. நம் மக்கள் தைரியமாகப் போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? யாரோ ஒருவர் தன் காண்டாக்ட் முழுவதையும் தூக்கிக் கொடுத்ததால்தான். என் மச்சான் போனில் பார்த்தேன், என் நம்பருக்கு "கொலுசு பாக்கி" என்று வருகிறது. யாருக்கோ நான் பாக்கி வைத்திருந்த காலத்தில் அவர் சேமித்த பெயர். பணம் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் ஊருக்கெல்லாம் நிற்கிறது.

மெசேஜ் பற்றி உபயோகமான ஒன்று. அனுப்பியவர் பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு போட்டு ஒரு எழுத்து வருகிறது, கவனித்தீர்களா? ஆங்கில பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. டிஎன்டி முழுசாகப் போட்ட பிறகும் பி போட்ட மெசேஜ் வந்தால், ஒன்று அந்தக் கம்பெனி விதியை மீறுகிறது, இல்லை நாமே எங்கேயோ ஏதோ ஒரு பெட்டியில் டிக் அடித்து சம்மதம் கொடுத்திருக்கிறோம். சம்மதம் கொடுத்தால் டிஎன்டியைத் தாண்டி வரலாம். எனக்கு வந்த இரண்டும் என் டிக்தான். விளம்பர மெசேஜில் வேண்டாம் என்று விலகும் வழியும் இருக்க வேண்டும், விலகினேன், நின்றது.

வாட்ஸ்ஆப்பில் வருவதற்கு 1909 கைகொடுக்காது. மெசேஜ் நின்றதும் அதே கடைகள் அங்கே குடியேறிவிட்டன, நானே ஒவ்வொன்றாக பிளாக் செய்கிறேன். இதற்கு அரை மார்க் குறைத்தேன், 2007-இல் முதல் முதலாக இந்தப் பட்டியல் தொடங்கியபோது இருந்த உலகத்துக்குச் செய்த ஏற்பாடு இது, இன்றைக்குக் கடைக்காரர் இருக்கிற இடம் வேறு.

இதற்குப் பிறகுதான் நம்பர் கொடுப்பதிலேயே கை இறுக ஆரம்பித்தது. போன மாதம் வீட்டுக்காரம்மா ரவிக்கைக்கு லைனிங் துணி எடுத்தார். பில் போடுகிற பெண், "நம்பர் சொல்லுங்ணா."

"எதுக்கும்மா?"

"சிஸ்டம் கேக்குதுங்ணா, போடாம பில்லு வராது."

பில்லுக்கு நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லியாயிற்று, அது முறையற்ற வணிகம் என்று. அதைச் சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தது, எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தது, ஏதோ ஒரு பத்து இலக்கத்தை மடமடவென்று தட்டியது, பில் வந்துவிட்டது. யாருடைய நம்பரோ, அவருக்கு என் சார்பில் மன்னிப்பு. பில்லே தர மறுத்தால் 1915-இல் நுகர்வோர் உதவி மையத்தில் புகார் சொல்லலாம், எனக்கு அதுவரை போகவில்லை. வீட்டுக்காரம்மாதான் வெளியே வந்ததும், "ஒரு மீட்டர் லைனிங்குக்கு இவ்வளவு பேச்சா" என்றார்.

ஏற்காட்டில் அடுத்த தடவை தங்கப் போனபோது ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள். அடையாளம் கேட்பது அவர்கள் கடமை, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆதார் தளத்திலேயே முதல் எட்டு இலக்கத்தை மறைத்து, கடைசி நான்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு பிரதி எடுக்கலாம். அதைக் கொடுத்தேன். "நம்பர் தெரியலையே சார்" என்றான் கவுன்டர் தம்பி. தெரியக் கூடாது என்பதற்குத்தான் தம்பி என்று பஜ்ஜிக் கதையைச் சொன்னேன், சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் வெளியாக 2025 நவம்பர் ஆயிற்று, கம்பெனிகளின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் கட்டாயம். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தக் கூப்பன் பெட்டிக்கு அது பொருந்தும் நாளில் இன்னொரு மார்க் சேர்த்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்பது தொல்லை, அதற்கு 1909. உங்கள் சிம் இன்று ராத்திரி கட் ஆகும், பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, நான் போலீஸ் பேசுகிறேன் என்பது மோசடி, அதற்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் இருக்கிற சக்ஷு என்ற புகார்ப் பகுதி. பணம் போய்விட்டது என்றால் எதையும் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மாமனார் நம்பரைத்தான் கடைசியாகப் பதிவு செய்தேன். மற்றவர்களுக்குத் தொல்லை, அவருக்கு அது பொழுதுபோக்கு. லோன் விற்கக் கூப்பிடுகிற பெண்ணிடம் எந்த ஊர் கண்ணு, சாப்பிட்டாயா, எத்தனை சம்பளம் என்று ஆரம்பித்து, பதிலுக்கு என் மகள் சிவதாபுரத்தில் இருக்கிறாள், மாப்பிள்ளை கொலுசுப் பட்டறை, பேரன் ஏழாவது என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பையனுக்கு நீட் கோச்சிங் போன் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதிவு செய்து பத்து நாள் இருக்கும், அவரே கூப்பிட்டார். "என்ன மாப்ள, ஒருத்தரும் போன் பண்ண மாட்டேங்கறாங்களே." இப்போது தினமும் நாலு மணிக்கு நான் கூப்பிடுகிறேன்.